சொல் வேறுபாடும் பொருள் வேறுபாடும்: கிறிஸ்தவரின் த்ரித்வக் கொள்கை உருவான வரலாறு

பூர்வபக்ஷத்தை உள்ளபடி உரைத்த பின்னரே ஸித்தாந்தத்தைத் தொடங்குவது வேதாந்திகளின் முறை. ஸ்ரீபாஷ்யத்தின் ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் மஹாபூர்வபக்ஷம் என வழங்கும் பகுதி இதற்குச் சிறந்த சான்று. எதிர்க்கட்சியார் தம் கொள்கையைத் தாமே எடுத்துரைத்தாலும் இதனினும் தெளிவாக உரைத்திருக்க இயலாது என்னும்படி பகவத் ராமாநுஜர் அதனை விரித்துக் காட்டி, அதன் பின்னரே மஹாஸித்தாந்தத்துள் புகுகிறார். வேற்று ஸமயத்தாரின் கொள்கைகளைப் பேசுமிடத்து இம்முறை பெரும்பாலும் கைவிடப்படுகிறது. கிறிஸ்தவர் கூறும் த்ரித்வம் இதற்கோர் எடுத்துக்காட்டு. அது மும்மூர்த்திக் கொள்கையின் சாயல் என்பார் சிலர். மூன்று தெய்வங்களை ஒன்றென்று சொல்லும் முரண் என்பார் சிலர். ஒருவனே மூன்று வேடம் பூணுதல் என்பார் வேறு சிலர். இவற்றுள் பின்னிரண்டையும் கிறிஸ்தவ ஆசார்யர்களே ஆராய்ந்து விலக்கினர் என்பது வரலாறு. எந்த வினாவுக்கு விடையாக இக்கொள்கை எழுந்தது என்பதை அறியாதவரை, அதை ஏற்பதும் மறுப்பதும் பொருளற்றவை.

வினா எழுந்தவாறு

கிறிஸ்தவர் யூதரின் வேதத்தைத் தம் வேதமாகவே பெற்றனர். கடவுள் ஒருவனே, அவனையன்றி வேறெதையும் வழிபடலாகாது என்பது அவ்வேதத்தின் உயிர்நிலை. ஆயினும் இயேசுவை வழிபடும் வழக்கம் அவர்களிடையே தொடக்கத்திலேயே காணப்படுகிறது. மத்தேயு எழுதிய நற்செய்தியின் முடிவில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் மூவரையும் சேர்த்துச் சொல்லி ஞானஸ்நானம் செய்விக்க விதி உள்ளது. அங்கே பெயர்கள் என்னாது பெயர் என ஒருமையில் கூறியிருப்பதும் நோக்கத்தக்கது. யோவான் எழுதிய நற்செய்தியிலோ, குமாரன் தானும் பிதாவும் ஒன்று எனக் கூறும் இடமும் உண்டு. பிதா தன்னினும் பெரியவர் எனக் கூறும் இடமும் உண்டு.

பேத ச்ருதி, அபேத ச்ருதி, கடக ச்ருதி என்னும் பாகுபாட்டில் பயின்றவர்க்கு இந்நிலை புதிதன்று. இருவகை வாக்யங்களும் ப்ரமாணம் எனின் ஒன்றை முக்யமாகவும் மற்றொன்றைக் கௌணமாகவும் கொள்வதா, அன்றி இரண்டையும் முக்யமாகவே பொருத்தும் வழி உண்டா என்பதே அங்கும் எழுந்த வினா. த்ரித்வம் என்னும் சொல் விவிலியத்தில் எங்கும் இல்லை. அந்தியோக்கியாவின் பிஷப் தியோஃபிலுஸ் சுமார் 180ஆம் ஆண்டளவில் கிரேக்கத்தில் த்ரியாஸ் என்ற சொல்லை ஆண்டார். மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் லத்தீனில் த்ரினிதாஸ் என்ற சொல்லையும், ஒரே ஸுப்ஸ்தான்ஸியா, மூன்று பெர்ஸோனா என்னும் வாய்பாட்டையும் வழங்கினார்.

அதே நூற்றாண்டில் ஸபெல்லியுஸ் என்பாரின் பெயரால் வழங்கும் கொள்கை ஒன்று இருந்தது. ஒரே கடவுளே பிதாவாகவும் குமாரனாகவும் ஆவியாகவும் தோன்றுகிறார், மூவர்க்குள் உண்மையான வேறுபாடு இல்லை என்பது அதன் சாரம். குமாரன் பிதாவை நோக்கி வேண்டிக்கொண்டதாக நற்செய்திகள் கூறுகின்றனவே, அவ்வேண்டுதல் யாரை நோக்கியது என்னும் கேள்விக்கு அக்கொள்கையில் விடையில்லை. ஆதலின் அது தள்ளப்பட்டது. வேடம் என்னும் விளக்கம் இவ்வாறு தொடக்கத்திலேயே கழிந்தது.

ஆரியுஸின் வாதம்

எகிப்தின் அலெக்ஸாந்திரியா நகரில் 318ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த விவாதமே இக்கொள்கைக்கு உருக்கொடுத்தது. அங்கே குருவாயிருந்த ஆரியுஸ் என்பார் (இப்பெயர்க்கும் ஆர்ய சப்தத்துக்கும் தொடர்பில்லை) இவ்வாறு வாதித்தார்: அநாதியாய், பிறிதொன்றினின்றும் வாராததாய் இருப்பது ஒன்றே, அது பிதா. குமாரன் பிதாவினின்றும் பிறந்தவர். பிறந்தது எதுவாயினும் அதற்கு ஆதி உண்டு. ஆகவே குமாரன் இல்லாதிருந்த நிலை ஒன்று இருந்திருக்க வேண்டும். அவர் படைப்புகளுள் முதலானவர், தலையானவர், அவர் வழியாகவே ஏனையவை படைக்கப்பட்டன. ஆயினும் அவரும் படைப்பே.

இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஏகத்வத்தைக் காக்கும் நோக்கம் அதில் உண்டு. தர்க்க ஒழுங்கும் உண்டு. அலெக்ஸாந்திரியாவின் பிஷப்பாயிருந்த அலெக்ஸாந்தரும், 328இல் அவர்க்குப் பின் அப்பதவியை ஏற்ற அதனாஸியுஸும் இதை எதிர்த்தமைக்குக் காரணம் வெறும் தர்க்கமன்று. குமாரன் படைப்பாயின் அவரை வழிபடுதல் படைப்பை வழிபடுதலாகும் என்பது ஒன்று. படைப்பு ஒன்று தன்னையொத்த படைப்புகளைக் கடவுளோடு எவ்வாறு சேர்ப்பிக்கும் என்பது மற்றொன்று. இவ்விரண்டாவது வினாவே அதனாஸியுஸின் எழுத்து முழுவதிலும் ஓடும் உயிர்நாடி.

மோக்ஷப்ரதத்வம் யாருக்கு உரியது என்னும் விசாரத்தை அறிந்த ஸ்ரீவைஷ்ணவர்க்கு இவ்விடம் நன்கு விளங்கும். பிரமன், ருத்ரன் முதலியோர் எவ்வளவு உயர்ந்தோராயினும் கர்மவச்யராதலால் மோக்ஷம் அளிக்க வல்லரல்லர். தான் கட்டுண்டவன் பிறன் கட்டை அவிழ்க்க மாட்டான் என்பது பூர்வாசார்யர்களின் துணிபு. படைத்தவன், படைக்கப்பட்டது என்னும் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு உண்டு. நடுநிலையான மூன்றாவது வகை இல்லை. உய்விப்பவன் கோட்டின் அப்பாலே நிற்க வேண்டும். அதனாஸியுஸ் நின்ற இடம் இதுவே. அவர் பாபத்தையும் அழிவையும் பேசினாரேயன்றிக் கர்மத்தைப் பேசவில்லை. எனினும் யுக்தியின் வடிவம் ஒன்றே.

ஒரு வாக்யத்தின் வ்யாக்யானம்

ஆரியுஸின் கட்சியார்க்குப் பெரும் ப்ரமாணமாயிருந்தது நீதிமொழிகள் என்னும் நூலின் எட்டாம் அதிகாரத்து இருபத்திரண்டாம் வாக்யம். அதில் ஞானம் தன்னைப் பற்றித் தானே பேசுகிறது. இங்கே ஞானம் என்றது குமாரனையே என்பதில் இரு கட்சியாரும் உடன்பட்டனர். கிரேக்க மொழிபெயர்ப்பிலோ கர்த்தர் தன்னைப் படைத்ததாக அந்த ஞானம் கூறுகிறது. படைப்பு என்று வேதமே சொல்லும்போது மறுப்பது எங்ஙனம் என்பது ஆரியுஸ் பக்ஷம்.

ஹீப்ரு மூலத்திலுள்ள வினை பெறுதல், உடைமையாகக் கொள்ளுதல் என்னும் பொருள்களையும் தரவல்லது. கிரேக்கத்தில் படைத்தார் என்பதற்குரிய எக்திஸே என்னும் சொல்லும், பெற்றார் என்பதற்குரிய எக்தேஸாதோ என்னும் சொல்லும் ஒலியில் அண்மையுடையன. பிற மொழிபெயர்ப்பாளர் இரண்டாவது பொருளைக் கொண்டமையைப் பாஸில் என்னும் ஆசார்யர் பின்னர் எடுத்துக்காட்டினார். விவிலியத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோமும் உடைமையாகக் கொள்ளுதல் என்னும் பொருளையே தழுவினார்.

அதனாஸியுஸ் பாடபேதத்தை நாடவில்லை. திருச்சபையில் வழங்கிய பாடத்தையே ஏற்று, ஆரியுஸின் மதத்தாரை மறுத்து எழுதிய இரண்டாம் உரையின் பெரும்பகுதியை இந்த ஒரு வாக்யத்துக்கே செலவிட்டார். வாக்யத்தின் பிற்பகுதியில் கிரியைகளின் பொருட்டு என வந்திருத்தலை அவர் பற்றிக்கொண்டார். ஒரு பயன் கருதிச் சொல்லப்பட்டது ஸ்வரூபத்தைக் குறிக்காது. உலகை உய்விக்கும் கிரியையின் பொருட்டுக் குமாரன் மானுட உடலை ஏற்றதையே படைத்தல் என்னும் சொல் குறிக்கிறது என்பது அவர் உரை. இவ்வுரை மூல வாக்யத்தின் கருத்தோ என்று இக்கால விவிலிய அறிஞர் ஐயுறுவர். ஆயினும் முறையை நோக்க வேண்டும். ப்ரகரணம், பயன், ஏனைய வாக்யங்களோடு முரணாமை ஆகியவற்றைக் கொண்டு பொருள் நிர்ணயம் செய்வது வ்யாக்யாதாக்களின் பொதுவழி.

நிகேயா தந்த சொல்

பேரரசன் கான்ஸ்தாந்தீன் 325ஆம் ஆண்டில், இன்று துருக்கியில் இஸ்னிக் என வழங்கும் நிகேயா நகரில் பிஷப்புகளின் ஸபையைக் கூட்டினான். கூடியோர் 318 பேர் என்பது மரபு. விவிலியச் சொற்களைக் கொண்டே முடிவுகூற முதலில் முயன்றனர் என்றும், எந்தச் சொல்லை முன்வைத்தாலும் ஆரியுஸின் பக்ஷத்தார் அதைத் தம் கருத்துக்கு இசைய வளைத்து ஏற்றனர் என்றும் அதனாஸியுஸ் பின்னாளில் எழுதினார். குமாரன் கடவுளிடமிருந்து வந்தவர் என்றால், எல்லாப் பொருளும் கடவுளிடமிருந்து வந்தவையே என்று அவர்கள் உடன்படுவர். ஆகவே அவர்கள் எவ்வகையாலும் ஏற்கவியலாத ஹோமோஊஸியோஸ் என்னும் சொல்லை ஸபை விசுவாச அறிக்கையில் சேர்த்தது. ஊஸியா என்பது உள்பொருள். பிதாவின் உள்பொருளே குமாரனின் உள்பொருளும் என்பது அச்சொல்லின் கருத்து.

இச்சொல் வேதத்தில் இல்லை என்பதே அதற்கு எதிராக எழுந்த பெருங்குறை. வேதத்தில் சொல் இல்லையாயினும் பொருள் உண்டு என்பது அதனாஸியுஸின் விடை. இச்சொல் கடவுளின் ஸ்வரூபத்தை அளந்து கூற வந்த லக்ஷணமன்று. தவறான உரை உட்புகாதபடி இட்ட வேலி.

வேலி இட்டபின் கலகம் வளர்ந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அரசர் மாறுந்தோறும் கட்சிகளின் நிலை மாறியது. அதனாஸியுஸ் ஐந்து முறை தம் நகரை விட்டு நீங்க நேர்ந்தது; அக்காலம் மொத்தம் ஏறத்தாழ 17 ஆண்டுகள். 358இல் அங்கீராவில் கூடியோர், குமாரன் பிதாவோடு உள்பொருளில் ஒத்தவர் என்னும் கருத்தை வற்புறுத்தினர். அக்கருத்தைக் குறிக்கும் ஹோமோயிஊஸியோஸ் என்ற சொல்லுக்கும் நிகேயாவின் சொல்லுக்கும் கிரேக்க எழுத்தில் ஒரே ஓர் இகரமே வேறுபாடு. ஓரெழுத்துக்காக உலகமே பூசலிட்டது எனப் பிற்காலத்தார் நகைத்தனர். ஸாம்யம், ஐக்யம் என்னும் இரு சொற்களுக்கு இடையே எத்தனை பெரிய தர்சன பேதம் அடங்கியுள்ளது என்பதை அறிந்த வேதாந்திகள் நகையார்.

362: சொல்லைக் கடந்து பொருளை வினவியது

இவ்வரலாற்றில் மிகவும் நினைக்கத்தக்க நிகழ்ச்சி 362இல் அதனாஸியுஸ் அலெக்ஸாந்திரியாவில் கூட்டிய சிறு ஸபை. அப்போது பூசல் வேறொரு சொல்லைப் பற்றியது. ஹுபோஸ்தாஸிஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் கீழே நிற்பது என்பது அவயவப் பொருள். சிலர் அதை ஊஸியா என்னும் சொல்லோடு ஒரே பொருளில் வழங்கினர்; நிகேயாவின் தீர்ப்பிலேயே அவை அவ்வாறு வந்துள்ளன. இவர்கள் கடவுளில் ஹுபோஸ்தாஸிஸ் ஒன்றே என்றனர். வேறு சிலர் அச்சொல்லைத் தனித்து நிற்கும் வ்யக்தி என்னும் பொருளில் வழங்கி ஹுபோஸ்தாஸிஸ் மூன்று என்றனர். முன்னவர் காதில் பின்னவர் கூற்று மூன்று தெய்வம் என ஒலித்தது. பின்னவர் காதில் முன்னவர் கூற்று ஸபெல்லியுஸின் வேடக்கொள்கையாக ஒலித்தது.

ஸபை இரு திறத்தாரையும் வினவியது. மூன்று என்றோரை நோக்கி, தம்முள் அயலான மூன்று பொருள்களையோ மூன்று முதல்களையோ கருதுகிறீர்களா என்று கேட்க, அவர்கள் மறுத்து, பெயரளவில் அன்றி உண்மையாகவே பிதாவும் குமாரனும் ஆவியும் உளர் என்பதற்காகவே அவ்வாறு கூறுகிறோம் என்றனர். ஒன்று என்றோரை நோக்கி, குமாரனையும் ஆவியையும் இல்லையாக்குகிறீர்களா என்று கேட்க, அவர்களும் மறுத்து, உள்பொருள் ஒன்றே என்பதையே கருதினோம் என்றனர். இரு திறத்தாரும் ஒருவர் கருத்தை ஒருவர் ஒப்புக்கொண்டனர். அர்த்தபேதம் என்று கருதப்பட்டது சப்தபேதமாக முடிந்தது.

லத்தீன் பேசிய மேலைத் திருச்சபைக்கு இவ்விடர்ப்பாடு நீடித்தது. ஹுபோஸ்தாஸிஸ் என்பதை எழுத்துக்கு எழுத்துப் பெயர்த்தால் லத்தீனில் ஸுப்ஸ்தான்ஸியா என வரும். அச்சொல்லோ அங்கே ஊஸியாவுக்கு உரியதாய் இருந்தது. ஸிரியாவில் தங்கியிருந்த ஜெரோம், மூன்று ஹுபோஸ்தாஸிஸ் என்று சொல்லுமாறு தம்மை வற்புறுத்துகின்றனர், சொல்லலாமோ என ரோமாபுரியின் பிஷப் தமாஸுஸுக்கு எழுதிக் கேட்டார். அவ்விடர்ப்பாடு தமிழிலும் உண்டு. தமிழ்க் கத்தோலிக்கர் மூன்று ஆட்கள் என்பர்; ப்ராடஸ்டண்டுகள் ஆள்தத்துவம் என்றும் திரியேகர் என்றும் வழங்குவர். ஆள் என்றதும் தமிழ்ச் செவிக்குத் தனித்தனியே நடமாடும் மூவர் தோன்றுவர். அச்சொல் குறிக்க வந்ததோ அந்நான்காம் நூற்றாண்டின் ஹுபோஸ்தாஸிஸே.

வேற்றுமையுருபும் வழிபாடும்

இரு சொற்களையும் வரையறுத்து நிலைநாட்டியோர், இன்றைய துருக்கியின் நடுப்பகுதியிலிருந்த கப்பதோக்கியாவைச் சேர்ந்த மூவர்: ஸெஸாரியாவின் பிஷப் பாஸில், அவர் தம்பி நிஸ்ஸாவின் கிரெகரி, நண்பர் நாஸியான்ஸின் கிரெகரி. பொதுவாயிருப்பது ஊஸியா, அஸாதாரண தர்மத்தால் பிரித்தறியப்படுவது ஹுபோஸ்தாஸிஸ். பிறவாமை பிதாவின் அடையாளம், பிறத்தல் குமாரனின் அடையாளம், புறப்படுதல் ஆவியின் அடையாளம். பிறத்தல் என்பது காலத்தில் நிகழ்ந்ததன்று. சுடரும் ஒளியும் போல முன்பின் இல்லாதது.

பாஸில் சுமார் 375இல் ஆவியைப் பற்றி எழுதிய நூல் ஒரு வேற்றுமையுருபில் தொடங்குகிறது. அவர் தம் ஆலயத்தில் பிதாவைத் துதிக்குங்கால், குமாரன் வழியாக ஆவியில் என்றும், குமாரனுடன் ஆவியோடுகூட என்றும் இருவகையாகக் கூறினார். பின்னதைச் சிலர் குறைகூறினர். பிதாவுக்குப் பஞ்சமி, குமாரனுக்கு த்ருதீயை, ஆவிக்கு ஸப்தமி என வேதம் வேறுவேறு உருபுகளை வழங்குகிறது. உருபு வேறாதலின் ஸ்வரூபமும் வேறு என்பது அவர்கள் வாதம். வேதம் எல்லா உருபுகளையும் மூவர்க்கும் வழங்கியுள்ளமையை இடந்தோறும் காட்டிப் பாஸில் அதை மறுத்தார். தைத்திரீயத்தின் ப்ருகுவல்லியில் பஞ்சமியும் த்ருதீயையும் த்விதீயையும் ஒரே ப்ரஹ்மத்தைக் குறித்து வருதலைப் பயின்றோர்க்கு இம்மறுப்பின் வலிமை சொல்லாமலே விளங்கும்.

மூன்று மனிதரை மூவர் என்கிறோம், மூன்று ஹுபோஸ்தாஸிஸை மூன்று தெய்வம் எனலாகாதோ என்னும் வினாவுக்கு நிஸ்ஸாவின் கிரெகரி தனி நூலே எழுதினார். மனிதர் மூவர் ஒரே தொழிலைச் செய்யினும் தனித்தனியே செய்வர். கடவுளின் செயலோ பிதாவினின்று எழுந்து குமாரன் வழியாக ஆவியில் நிறைவுறும் ஒரே செயல். பங்கிட்டுக்கொள்ளப்பட்ட மூன்று செயல்களன்று. ஆகவே தெய்வம் ஒன்றே என்பது அவர் விடை.

பேரரசன் தியோதோஸியுஸ் 381இல் கான்ஸ்தாந்திநோபிளில் கூட்டிய ஸபை, ஆவியைப் பற்றி விசுவாச அறிக்கையில் விரிவாகச் சேர்த்தது. பாஸில் அதற்கு முன்பே 379இல் மறைந்துவிட்டார். ஆவிக்கு ஹோமோஊஸியோஸ் என்னும் சொல்லை அங்கே வழங்கவில்லை. பிதாவோடும் குமாரனோடும் சேர்த்து வழிபடப்படுபவர் என்று கூறி அமைந்தனர். பூசலுக்குரிய சொல்லை விட்டு, எல்லாரும் கைக்கொண்ட அநுஷ்டானத்தையே ப்ரமாணமாக்கியது இது. லத்தீன் மரபின் பெரிய ஆசார்யரான அகஸ்தீன், மூன்று பெர்ஸோனா என்பது அப்பொருளை உரைக்கவல்ல சொல் என்பதற்காகவன்று, வாளா இருத்தல் கூடாமையால் சொல்வது என்று பின்னர் எழுதினார்.

சொற்பூசல் அத்துடன் ஓயவில்லை. ஆவி பிதாவினின்று புறப்படுகிறார் என்ற இடத்தில் குமாரனினின்றும் என்னும் பொருள்பட ஃபிலியோக்வே என்ற லத்தீன் சொல்லை மேலைத் திருச்சபை சேர்த்தது. 1014இல் அது ரோமாபுரியின் வழிபாட்டிலும் புகுந்தது. 1054இல் கீழைத் திருச்சபையும் மேலைத் திருச்சபையும் பிரிந்தமைக்குரிய காரணங்களுள் அதுவும் ஒன்று.

உவமைகளின் எல்லை

இனி ஸ்ரீவைஷ்ணவர் வழக்கமாக நாடும் உவமைகளை நோக்கலாம். மும்மூர்த்தி உவமை இரு பக்கத்தும் பொருந்தாது. மும்மூர்த்திகளிடையே ஸ்ருஷ்டி, ஸ்திதி, ஸம்ஹாரம் எனத் தொழிற்பங்கீடு உண்டு. கப்பதோக்கிய ஆசார்யர் விலக்கியது அப்பங்கீட்டையே. மேலும் பிரமனும் ருத்ரனும் ஜீவகோடியினர் என்பது ஸம்ப்ரதாயம். அவ்வுவமையைக் கொண்டால் ஆரியுஸின் பக்ஷமே நிலைபெறும்.

வ்யூஹ உவமை இதனினும் நெருங்கியது போலத் தோன்றும். ஸங்கர்ஷண, ப்ரத்யும்ந, அநிருத்தர்களிடம் இவ்விரண்டு குணங்கள் விளக்கமுற்றிருப்பினும் மூவரும் வாஸுதேவனே. ஆனால் ஒருவனே கொண்ட மூர்த்திகள் இவை என்றதும் கிறிஸ்தவ ஆசார்யர் அதில் ஸபெல்லியுஸைக் காண்பர். பிதாவுக்கும் குமாரனுக்கும் உள்ள அன்பு ஒருவன் தன்பாற் கொண்ட அன்பன்று என்பர்.

வினாவின் வடிவத்தில் மிக நெருங்கியது பிராட்டியின் ஸ்வரூபத்தைப் பற்றிய விசாரம். பிராட்டி ஈச்வரகோடியில் சேர்ந்தவளா, ஜீவகோடியில் தலையானவளா, அவள் உபாயமும் ஆவாளா, புருஷகாரம் மட்டுமா என இரு கலையாரும் நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர். இரண்டே கோடிகள், நடுவே இடமில்லை என்னும் துணிவும், விடையை ஒட்டிச் சரணாகதியின் பொருள் வேறுபடும் என்னும் கவலையும் நிகேயாவில் கூடியோர்க்கும் இருந்தன. இங்கும் ஒப்புமை வினாவளவில் நிற்பதேயன்றி விடையளவில் அன்று. பிராட்டி விஷயத்தில் சேஷத்வமும் பத்நீத்வமும் பேசப்படுகின்றன. அங்கே பேசப்படுவது ஒரே உள்பொருளும் அநாதியான பிறப்பும்.

இவ்வாறு வேலிகளையெல்லாம் அறிந்தபின் உண்மையான கருத்து வேற்றுமைகள் தெளிவாகப் புலப்படும். கிறிஸ்தவர்க்கு உலகம் இன்மையினின்று படைக்கப்பட்டது. ஸ்ரீவைஷ்ணவர்க்கு அது சிதசித்விசிஷ்ட ப்ரஹ்மத்தை உபாதாநமாக உடையது. அவர்க்குக் கடவுள் உடலெடுத்தது ஒரே முறை. இவர்க்கு அவதாரங்கள் எண்ணிறந்தன. அவர்க்குப் படைப்பு கடவுளின் சரீரமன்று. இவர்க்கு சரீராத்மபாவமே ஸித்தாந்தத்தின் அச்சாணி. வாதம் நிகழ வேண்டிய இடங்கள் இவை. மூன்று எவ்வாறு ஒன்றாகும் என்று எண்கணக்கு வினவுவார்க்கு விடை 362ஆம் ஆண்டிலேயே சொல்லப்பட்டுவிட்டது: எண்ணுவதற்கு முன், எதை எண்ணுகிறீர் என்று கேட்டறிக.